தலையில்லாத பாரை

மாமனார் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நான் கடலுக்குப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவர்கள் எழுதுவதைப் பார்த்தால், அலையும் விடியலும் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். என்னை எந்த அலையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் லீவு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் வவுனியா டவுனில் வாடகை வீடுகளில் வளர்ந்தவன். கலியாணம் கட்டி வட்டக்கச்சிக்கு வந்தேன். மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு மாமனாரின் வளவுக்குள்ளேயே அவருடைய வீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கேற், ஒரே கிணறு. மாமியார் இறந்த பிறகு அடுப்பும் ஒன்றாகிவிட்டது. வேலை கிளிநொச்சியில் ஒரு கந்தோரில். பதவியின் பெயர் முகாமைத்துவ உதவியாளர். மாமனார் இன்றைக்கும் ‘கிளாக்கர்’ என்றுதான் சொல்லுவார். பெயரை நீட்டினால் சம்பளமும் நீளுமோ என்று ஒருமுறை கேட்டார். நீளாது என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வளவுக்கு என்னால் எந்தப் பிரயோசனமும் இல்லை. அரிசி மாமனாரின் வயலில் விளைகிறது. தேங்காய் மரத்தில் இருக்கிறது. மாடு பால் தருகிறது, கோழி முட்டை இடுகிறது, வேலியில் முருங்கை காய்க்கிறது. வெளியிலிருந்து வருவது மீன் ஒன்றுதான். காலையில் மோட்டார் சைக்கிளில் மீன்காரன் ஹோர்ன் அடிப்பான். நான் காசோடு கேற்றடிக்குப் போவேன். அந்த வீட்டுச் சாப்பாட்டில் என் பங்கு அவ்வளவே. அதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். மாமனாருக்கு மீன்தலை என்றால் உயிர். பாரைத் தலையைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டால் அரை மணித்தியாலத்துக்கு வாய் திறந்து கதைக்க மாட்டார். வீட்டில் அமைதி தேவைப்படும் நாட்களில் நான் பாரை வாங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உருத்திரபுரத்திலிருந்து மாமனாரின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி, “அண்ணை, கறி நல்லாக் கிடக்கு” என்றார். மாமனாருக்கு அது போதும்.

“சோறு எங்கட வயல். தேங்காய் எங்கட மரம். மோர் எங்கட மாடு. உந்த முருங்கைக்காயும் எங்கட வேலியில நிண்டதுதான். மீன் மட்டும் மருமேன் வேண்டினது” என்றார். கொஞ்சம் மென்றுவிட்டு, “காசு குடுத்தா ஆரும் வேண்டலாம்தானே” என்று முடித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். பகிடிக்குச் சொன்னதுதான் என்று பிறகு மனைவி சமாதானம் சொன்னாள். பகிடிதான். ஆனால் பன்னிரண்டு வருடமாக ஒருவன் ஒரு வளவில் சாப்பிட்டு வருகிறான், அவன் கையால் விளைந்த ஒரு மிளகாய்கூட அந்தக் கோப்பையில் இல்லை என்பதைச் சபையில் வைத்துச் சொன்னால், அது பகிடியாக இருந்தாலும் சுடும். எனக்குச் சுட்டது. வயல் செய்ய எனக்கு வராது. முயன்று பார்த்து வரம்பிலேயே விழுந்தவன். மிச்சமிருந்தது மீன் ஒன்றுதான். நானே பிடித்த ஒரு மீனை அவர் கோப்பையில் வைக்க வேண்டும், அதையும் அந்தத் தம்பிக்காரரின் முன்னால் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு எடுத்தேன்.

என் கெட்ட காலத்துக்குக் கந்தோரில் பக்கத்து மேசையில் ஒருவன் இருந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வீடியோ பார்ப்பான். அந்த வருடம் அவனைப் பிடித்திருந்த பைத்தியம் ஜிக். ஜிக் என்றால் வேறொன்றுமில்லை, மீன் மாதிரி வார்த்த ஈயக்கட்டி. அதற்குப் பளபளக்கும் நிறம் பூசி, ஒரு நுனியில் இரண்டு தூண்டில் முள்ளைக் கட்டியிருப்பார்கள். இரை கிடையாது. ஆழ்கடலின் அடிவரைக்கும் அதை இறக்கி, தடியை வெட்டி வெட்டி மேலே இழுக்க வேண்டும். கீழே கிடக்கும் பெரிய மீன் அதைத் தப்பி ஓடும் சின்ன மீன் என்று நம்பி வாயில் போட வேண்டும். கேட்கும்போதே மீனை இவ்வளவு மடையனாக நினைக்கிறவன் எவ்வளவு மடையனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியும் அவன் சொன்ன சாமானெல்லாம் வாங்கினேன்.

கட்டைத் தடி, ரீல், பின்னல் நூல், நுனியில் முடிகிறதற்குத் தங்கூசி என்கிற நைலோன் நரம்பு, ஏழு ஜிக், விரல் இல்லாத கையுறை. சாமான் விற்றவர் நீலமும் வெள்ளியும் கலந்த ஜிக்கைத் தூக்கிக் காட்டி, “இந்தக் கலருக்குப் பாரை விடாது” என்றார். நாற்பது பாகம் ஆழத்தில் வெளிச்சம் மங்கிவிடும், அங்கே நீலம் என்ன, பச்சை என்ன என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. பாகம் என்றால் ஒரு ஆள் கையை விரித்து நிற்கும் நீளம். மீனவர் கடலை அப்படித்தான் அளக்கிறார்கள். ஜிக்குகளுக்கு நிறம் பூசுவது வாங்குகிறவனின் கண்ணுக்குத்தான். நான் நீலத்தில் மூன்று வாங்கினேன்.

அடுத்தது பயிற்சி. கடல் ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. வளவில் ஆழமான தண்ணீர் உள்ள இடம் கிணறு ஒன்றுதான். ஒரு பின்னேரம் கிணற்றுக் கட்டில் காலை வைத்து ஜிக்கை உள்ளே இறக்கினேன். வீடியோவில் காட்டியபடி தடியை வெட்டினேன், சுற்றினேன், வெட்டினேன். ஈயக்கட்டி கிணற்றுச் சுவரில் மோதிக் கோயில் மணி மாதிரிச் சத்தம் போட்டது. நாலாவது வெட்டில் முள் தண்ணீர்ப் பம்பின் குழாயில் கொழுவிக்கொண்டது. இழுத்தேன். குழாயும் சேர்ந்து வந்தது.

மாமனார் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் ஆறுதலாக நடந்து வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்.

“உதுக்குள்ள என்ன பாரையே கிடக்கு?” என்றார்.

“பழகிப் பாக்கிறன் மாமா. கடலுக்குப் போகப் போறன்.”

“ம். கடல்லையும் குழாய் கிடக்கும். பாத்துப் போடும்.”

அன்றைக்கு இரவு பம்பைத் திருத்த ஆள் வரும்வரை வாளியால் அள்ளிக் குளித்தோம்.  

முதல் பயணத்துக்குப் பக்கத்து மேசைக்காரனும் வந்தான். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவர் தன் பைபர் படகில் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். அவருக்கு என் வயது இருக்கும். கந்தோரில் வேலை என்றதும் அவர் என்னைச் ‘சேர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். அந்தச் ‘சேரில்’ மரியாதையைவிட நக்கல் கூட இருந்தது. நான் வழியில் புதுக்குடியிருப்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் புட்டும் முட்டைப் பொரியலும் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். மேசைக்காரன் கறுப்புக் கண்ணாடி, கழுத்துவரை மூடும் உடுப்பு, தொப்பி என்று வீடியோவில் வருகிறவன் மாதிரியே வந்திருந்தான். படகுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி மீன் பிடிக்கவோ, கலியாணத்துக்கோ?” என்று கேட்டார்.

ஒரு மணித்தியால ஓட்டம். எஞ்சினை நிறுத்தியதும்தான் கடல் தன் வேலையைக் காட்டியது. ஓடும்போது நேராக இருந்த படகு நின்றதும் நாலு பக்கமும் ஆடியது. மேசைக்காரன் தடியைப் பிடித்து மூன்று படம் எடுத்தான். நாலாவது படத்துக்கு அவன் எழும்பவில்லை. நான் ஜிக்கை இறக்கினேன். அது போய்க்கொண்டே இருந்தது. போகப் போக என் புட்டு மேலே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டும் கடலுக்குள் போயின.

“பரவாயில்லை சேர்,” என்றார் படகுக்காரர். “இரை போட்டாச்சு. இனி மீன் வரும்.”

சொன்னபடி வந்தது, ஆனால் அவருக்குத்தான். ஒரு வெற்றுப் போத்தலில் சுற்றிய பழைய தங்கூசியை எடுத்து, கணவாய்த் துண்டை முள்ளில் குத்தி இறக்கி, நாங்கள் இரண்டு பேரும் படகின் இரண்டு பக்கமும் தலையைத் தொங்கப் போட்டிருந்த நேரத்தில் நாலு விளைமீன் பிடித்தார். தடி இல்லை, ரீல் இல்லை, கையுறை இல்லை. வாயில் வெற்றிலை மட்டும் இருந்தது.

கரைக்கு வந்ததும் மேசைக்காரன் எஞ்சின் சத்தம் கூட, நீரோட்டம் பிழை, இந்தக் கடலில் ஜிக்குக்கு மீன் இல்லை என்று அறிவித்தான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அதற்குப் பிறகு அவன் கடல் பக்கம் வரவில்லை. மற்றவர்களுக்கு ஜிக் அடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதை மட்டும் விடவில்லை.

இரண்டாம் தரம் நான் தனியாகப் போனேன். வெறும் வயிறு, குமட்டலுக்கு வாயில் ஒரு தேசிக்காய்த் துண்டு. சோளகக் காற்று எழும்பியிருந்தது. படகு காற்றோடு இழுபட்டு ஓட, நூல் நேராக இறங்காமல் சாய்ந்துகொண்டு போனது. அடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தெரிந்த இடத்தில் பார் இருந்தது. கடலுக்கு அடியில் கிடக்கும் கல்லுத் திட்டைத்தான் பார் என்பார்கள். மீன் அதில்தான் நிற்கும், ஜிக்கும் அதில்தான் கொழுவும். நீல ஜிக் மூன்றும் அங்கேயே போயின.

“சேர், கிணத்தில வாளி இழுக்கிற மாதிரி இழுக்கிறியள்,” என்றார் படகுக்காரர். என் கிணற்றுக் கதை அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். அவருக்கு அது தெரியாது. வயல் ஊரிலிருந்து வருகிற எல்லோரையும் அவர் அப்படித்தான் சொல்வாராம். “நூல் தளர்ந்தா அடி. அடி தட்டின உடன ரெண்டு சுத்துச் சுத்தித் தூக்குங்கோ. கல்லில குந்தியிருக்க விடாதேங்கோ. பலம் வேண்டாம். உங்கட பலத்துக்கு ஒரு மீனும் பயப்பிடாது.”

அதுவரை கேட்ட எல்லா உபதேசத்திலும் பிரயோசனமானது அதுதான். வீடியோக்காரர் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தங்கள் தொப்பியைக் காட்டவே நேரம் போதவில்லை.

மூன்றாம் தரம் போனது வைகாசியில். முதல் நாள் இரவு கதிரையில் இருந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தங்கூசியைப் பின்னல் நூலோடு முடிகிற முடிச்சை ஒரு வீடியோவில் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து ஏதோ சொன்னாள். “ம்” என்றேன். அவள் திரும்பவும் சொன்னாள். “ஓம், ஓம்” என்றேன். விடியப் புறப்படும்போது மீன் சமைக்கும் மண்சட்டி குசினிக்கு வெளியே, வேலிக் கட்டையில் கவிழ்ந்து கிடந்தது. கழுவிக் காயவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணிருந்தும் குருடன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. நாற்பது பாகத்தில் நூல் தளர்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றித் தூக்கினேன். வெட்டினேன், சுற்றினேன். ஆறாவது வெட்டில் தடி மேலே வரவில்லை. பாரில் கொழுவிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் திட்டினேன். அப்போது பார் நகர்ந்தது.

“விடாதேங்கோ சேர்,” என்று படகுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினார். அவர் எழும்பியதைப் பார்த்ததும்தான் இது மீன் என்று நம்பினேன். ரீல் அலறியது. சுற்றினதெல்லாம் திரும்ப ஓடியது. கையுறைக்கு வெளியே இருந்த பெருவிரலை நூல் அறுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் இடுப்பும் நாரியும் தெறித்தன. கடைசியில் கீழே ஒரு வெள்ளைத் தகடு மினுங்கி, மினுங்கிப் பெரிதாகி, மீனாக வந்தது. பாரை. பதினொரு கிலோ. வாயின் ஓரத்தில் என் முள் தைத்துக் கிடந்தது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. வெட்கப்பட்டுக் கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தேன். இந்த வேலையைப் பற்றி எவ்வளவு நக்கலடித்தாலும் அந்த ஒரு கணத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

மீனை ரெஜிபோம் என்கிற தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ரியூப் பட்டியால் கட்டி, விசுவமடு, தருமபுரம் என்று பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். வாலை மடித்தும் பெட்டி மூடவில்லை. மூடாததும் நல்லதுதான், ஊர் பார்க்கட்டும் என்று விட்டிருந்தேன். வட்டக்கச்சி எல்லையில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டுக் கேட்டது. தெருவுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம். வீட்டு வாசல்களில் மஞ்சள் தண்ணீர்.

அப்போதுதான் மனைவி இரவு சொன்னது என்ன என்று எனக்கு விளங்கியது. அம்மன் கோயிலில் விளக்கு வைக்கிறார்கள். விளக்கு வைத்தால் அம்மனுக்குப் பொங்கல் முடியும்வரை பத்து நாளைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. சமைக்கிறது மட்டுமல்ல, வளவுக்குள் கொண்டுவரவே கூடாது. பன்னிரண்டு வருடமாக வைகாசியில் இதே விளக்கு, இதே தோரணம். நான் மீன் வாங்குகிறவனாக இருந்தவரை மீன்காரனே அந்த நாட்களில் வராமல் விட்டுவிடுவான். அதனால் எனக்கு எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவைப்படவில்லை. மீன் பிடிக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை.

ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக, ஊர் நாய்கள் எல்லாம் என் பின்னால் வந்தன. அவற்றுக்கு மட்டும் விரதம் இல்லை. கேற்றடியில் மாமனார் நெற்றி நிறைய விபூதியோடு நின்றார்.

“அங்கையே நில்லும்,” என்றார். “உள்ளுக்குக் கொண்டு வராதையும்.”

“மாமா, நான் பிடிச்சது. பாரை. பதினொரு கிலோ.”

அவர் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கு வைத்த நாளில் மீனைப் பார்த்தாலும் பாவம் போல, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி,” என்றார். “எங்கையெண்டாலும் குடுத்திட்டு, தலை முழுகிப் போட்டு வாரும்.”

அவ்வளவுதான். சரி. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது பழமொழி. எனக்கு அது கேற்றுக்குக்கூட எட்டவில்லை. மனைவி குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரித்தாளா, பரிதாபப்பட்டாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கொடுக்க எனக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. பக்கத்து மேசைக்காரன் குடியிருப்பது கிளிநொச்சி டவுனில். எங்கள் ஊர் விளக்கு அவனுடைய குசினியைக் கட்டாது. கதவைத் திறந்தவன் மீனைக் கண்டதும் என்னை உள்ளே கூப்பிடவும் மறந்துபோனான். அடுத்த நாள் காலையில் மனைவி போனை நீட்டினாள். அதே கறுப்புக் கண்ணாடி, அதே தொப்பி, நெஞ்சோடு அணைத்தபடி என் பாரை. ‘முதல் ஜிக், முதல் பாரை, கடலம்மாவுக்கு நன்றி’ என்று எழுதியிருந்தான். கடலம்மாவுக்குச் சொன்ன நன்றியில் கால்வாசி எனக்குச் சொல்லியிருக்கலாம். கீழே வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. மாமனாரின் தம்பியும் உருத்திரபுரத்திலிருந்து கை கூப்பிய படம் ஒன்று போட்டிருந்தார்.

மாமனார் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“உம்மட கந்தோர்ப் பொடியனும் பிடிச்சிருக்கிறான்,” என்றார். “நல்ல கெட்டிக்காரன்.”

“அது நான் பிடிச்ச மீன் மாமா.”

“ம்,” என்றார்.

 வாயைத் திறந்தால் பொறாமைக்காரன், மூடினால் பொய்க்காரன். நான் மூடினேன்.

பொங்கல் முடிந்த அடுத்த நாள் எல்லா வீடுகளிலும் மச்சம் காய்ச்சுவார்கள். உருத்திரபுரத்திலிருந்து மாமனாரின் தம்பியும் குடும்பமும் வருவதாக இருந்தது. முதல் நாள் பின்னேரம் மாமனார் முற்றத்தில் நின்று, வானத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு, “நாளைக்குக் கடலுக்குப் போகேல்லையே?” என்று கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தரம். நான் இரவே லீவுக் கடிதம் எழுதினேன். மீன்காரனுக்குப் போன் அடித்து நாளைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னேன். அது என் திமிர்.

கடல் அன்றைக்குப் பழிவாங்கியது. நீரோட்டம் ஆறு மாதிரி ஓடியது. மிச்சமிருந்த ஜிக்குகளில் இரண்டு பாருக்குப் போயின. மற்ற இரண்டையும் ஒரு மீனும் மதிக்கவில்லை. மணி பத்து ஆனதும் காற்றும் எழும்பியது. வெறுங்கையோடு கரைக்கு வந்தோம். அங்கே படகுக்காரரின் தம்பி வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பாரை கிடந்தது. எட்டு ஒன்பது கிலோ வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் படகுக்காரர் பார்த்தார்.

“வேணுமெண்டா எடுங்கோ சேர். ஆனா வலையில பட்ட மீன், வாயில காயமிராது. மீன் தெரிஞ்ச ஆக்கள் கண்டுபிடிச்சிடுவினம்.” குரலைத் தணித்து, “ஒரு முள்ளைக் குத்தி வாயில ஓட்டை போட்டுத் தரட்டோ?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. “நான் என்ன பொய் சொல்லப் போறனே? வேண்டின மீன் எண்டுதான் சொல்லப் போறன்” என்றேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். ஐம்பது கிலோமீற்றரும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ‘மாமா, இண்டைக்குப் படேல்லை, வேண்டிக்கொண்டு வந்தனான்.’ சின்ன வசனம். சொல்ல ஒரு மூச்சும் தேவையில்லை.

கேற் விரியத் திறந்து கிடந்தது. மாமனாரும் தம்பியும் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். மாமனார் எழும்பி வந்தார். பெட்டி மூடியைத் தன் கையாலேயே திறந்தார். மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பிடிச்சதே?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

மனைவி மீனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். நான் வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். செதிள் எடுப்பதற்கு முன்னம் அவள் மீனின் வாயைத் திறந்து விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். செவுளுக்குப் பின்னால் வலை நூல் இறுகின தடம் வட்டமாகக் கிடந்தது. அதையும் பெருவிரலால் தடவினாள். அதற்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்க மாட்டேன். கத்தியை எடுத்து, தடத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து, தலையை ஒரே வெட்டில் எடுத்தாள். பின்வேலிக்கு மேலால் அதைத் தூக்கி எறிந்தாள். ஊர் நாய்கள் அதற்காகச் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. 

பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. பத்து நாள் மரக்கறிக்குப் பிறகு மீன்குழம்பு மணம் வளவு முழுக்கப் பரவியிருந்தது. மாமனார் வந்து பந்தியில் இருந்தார். அவர் கோப்பையில் மனைவி நடுத்துண்டு இரண்டைப் போட்டாள். அவர் கறிச்சட்டியைக் கரண்டியால் ஒரு துழாவுத் துழாவினார்.

“தலை எங்கை பிள்ளை?”

“அது பழுதாக் கிடந்தது ஐயா. எறிஞ்சிட்டன்,” என்றாள் மனைவி.

காலையில் பிடித்த மீன், மத்தியானம் தலை பழுது.  மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, ஆறுதலாக மென்று, தம்பியின் பக்கம் திரும்பினார்.

“மருமேன் பிடிச்ச மீன்,” என்றார் சபை முழுக்கக் கேட்க. “வேண்டுற மீனில இந்த ருசி வராது.”

தம்பிக்காரர் ஆமோதித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நினைத்தபடியே அதே சபை, அதே ஆட்கள், அதே கோப்பை. நான் பிடித்த மீன் டவுனில் ஒரு மடையனின் வயிற்றில் செரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. குனிந்து சாப்பிட்டேன். அந்தக் குழம்பின் ருசி எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

சாப்பாடு முடிந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். மாமனார் எனக்கு முன்னமே அங்கே நின்றார். செம்பால் என் கைக்குத் தண்ணீர் வார்த்தார். என் பெருவிரலில் நூல் அறுத்த காயம் பொருக்குக் கட்டிப் பத்து நாள் பழசாக இருந்தது. அவர் வார்ப்பதை நிறுத்தி அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மிச்சத் தண்ணீரையும் வார்த்து முடித்தார்.

“அடுத்த முறை தலையோட கொண்டு வாரும், தம்பி,” என்றார்.

“ஓம் மாமா,” என்றேன்.